தார் ரோட்டில் 4 வீல் போட்டு நெல் டிரெய்லர் இழுக்கலாமா?

வெண்ணாற்றங்கரை:
நெல் டிரெய்லர் இழுக்க எந்த வண்டி வாங்கலாம் என்று நேற்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்கு 'ஒரத்தநாட்டான்' என்பவர் கொடுத்த பதில்: "4 வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை) உள்ள எந்த வண்டியும் இழுக்கும். தார் ரோட்டிலும் 4 வீலைப் போட்டே ஓட்டுங்கள், லோடுக்கு அதுதான் பிடிப்பு." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நம் பக்கம் ஓடும் ஜீப், பிக்கப் பெரும்பாலும் பார்ட் டைம் 4 வீல், அதாவது சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும், தேவைப்படும்போதுதான் 4 வீல் போட வேண்டும். காய்ந்த ரோட்டில் போடாதே என்று வண்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது. தெரியாவிட்டால் சும்மா இருக்கலாமே.

ஒரத்தநாட்டான்:
எனக்காகத் தனி இழையே திறந்திருக்கிறீர்கள், நன்றி. பட்டுக்கோட்டை வரைக்கும் 4 வீலில்தான் லோடு இழுக்கிறேன். இன்று வரை ஒன்றும் ஆகவில்லை. புத்தகம் படித்து வண்டி ஓட்டுகிறவர்கள் தாராளமாகப் படியுங்கள்.

குடவாசல் பட்டறை:
ஒன்றும் ஆகவில்லையா? சரி. வளைவில் முன் சக்கரம் அகலமாகச் சுற்றும், பின் சக்கரம் உள்ளே சுருக்கிப் போகும். முன்னதற்குத் தூரம் அதிகம். 4 வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும். தாரில் வழுக்க வழியில்லை, முறுக்கு முழுவதும் முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறும். ஸ்டியரிங் கனக்கும். 4 வீலை எடுக்க லிவரை இழுத்தால் வராது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் 'டக்' என்று விடும். அந்த 'டக்' கேட்டதுண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள். அப்புறம் முன் டயரின் வெளி ஓரத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகப் போகும், திருப்பித் தடவினால் ரம்பப் பல் மாதிரி கையைப் பிடிக்கும். படம் எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

ஒரத்தநாட்டான்:
ஃபார்ச்சூனர்காரர் எல்லா ரோட்டிலும் 4 வீலில் போகலாம், விவசாயி போகக்கூடாதா?

குடவாசல் பட்டறை:
எந்த ஃபார்ச்சூனர்? 2009-இல் இங்கே வந்த முதல் மாடலில் நடுவிலும் ஒரு டிஃபரன்ஷியல் உண்டு, முன்னும் பின்னும் தனித்தனி வேகத்தில் சுற்றும். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா? டயர் படம் எங்கே?

நீடா தம்பி:
அண்ணே, வண்டி கேட்டது நான்தான். வயலிலிருந்து ஆற்றங்கரை ஏறி கொள்முதல் நிலையம் வரை போக வேண்டும். 60 மூட்டை ஏற்றுவேன். மஹிந்திரா தார் ஜீப், இசுசூ வி-கிராஸ் பிக்கப், மாருதி ஜிம்னி மூன்றில் எது சரி?

கணக்கு வாத்தியார்:
தம்பி, எந்த மூட்டை? கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. 60 மூட்டை 2,400 கிலோ, டிரெய்லரோடு மூன்று டன். வியாபாரி மூட்டை என்றால் இன்னும் கூடும். இதைத் தீர்மானிக்காமல் வண்டி பேச முடியாது.

40 கிலோ என்றே வைப்போம். வண்டி இரண்டு டன், மொத்தம் ஐந்து. பத்தடிக்கு ஓரடி ஏறும் கரையில் மேலே இழுக்கவே 500 கிலோ விசை வேண்டும். ஈரக் களிமண்ணில் டயர் தன் மேல் உள்ள எடையில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தாலே அதிகம். பின் சக்கரங்கள் மேல் டன் சொச்சம்தான், 350 கிலோ விசை வந்தால் பெரிது. நாலும் சுற்றினால் 700 பக்கம் வரும். சக்கரம் சேற்றில் அமுங்குவதையும் சேர்த்தால் அதுவும் இழுபறிதான். ஜிம்னி வண்டியே 1,200 கிலோ சொச்சம். அதை விட்டுவிடுங்கள்.

ஒரத்தநாட்டான்:
பார்த்தீர்களா! வாத்தியாரே 4 வீல் வேண்டும் என்கிறார்.

குடவாசல் பட்டறை:
கரையில் வேண்டும் என்கிறார். கரை ஏறியதும் எடுத்துவிட வேண்டும். தாரில் வேண்டும் என்று எந்த வரியில் இருக்கிறது? டயர் படம்?

மெல்போர்ன் மாயவரத்தான்:
எல்லாரும் இழுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், நிறுத்துவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இங்கே சொந்த பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்சவரம்பு 750 கிலோ. வி-கிராஸின் இன்னொரு பெயரான டி-மேக்ஸ் 3.5 டன் இழுக்கும் என்று இங்கே எழுதிக் கொடுக்கிறார்கள், ஆனால் அது பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத மூன்று டன்னோடு கரை இறங்கினால் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி வண்டியைக் குறுக்கே திருப்பிவிடும்.

வெண்ணாற்றங்கரை:
மாயவரத்தில் யார் டிரெய்லருக்கு பிரேக் வைத்தார்கள்? அங்கே உட்கார்ந்துகொண்டு சட்டம் பேசுவது சுலபம்.

மெல்போர்ன் மாயவரத்தான்:
போன வருடம் ரேடியல் டயர் இழையிலும் இப்படித்தான் பேசினீர்கள். ஊரை விட்டுப் போனால் வாயையும் மூடிக்கொள்ள வேண்டுமா?

ஒரத்தநாட்டான்:
பிரேக் என்றதும் நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டுப் பெரிய டிராக்டர்களில் பிரேக்கை மிதித்தால் தானாக 4 வீல் விழும், முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். தார் ரோட்டில்தான்! குடவாசல் அண்ணன் இதற்கு என்ன சொல்கிறார்?

குடவாசல் பட்டறை:
உண்மைதான். பிரேக் மிதிக்கும் நேரம் மட்டும் விழும், காலை எடுத்ததும் விலகிவிடும். பட்டுக்கோட்டை வரைக்குமா விழுந்திருக்கும்? டிராக்டரிலும் முன் சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகத்தான் சுற்ற விடுவார்கள், சேற்றில் முன்பக்கம் இழுத்துக் கொடுக்க. அதனால்தான் ரோட்டில் 4 வீல் போட்டு ஓட்டுகிற டிராக்டருக்கும் முன் டயர் சீக்கிரம் போகிறது. உங்களுக்குக் களிமண்ணும் தெரியாது, தாரும் தெரியாது. உங்கள் ஊர் புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) பாசனம், செம்மண் தரை, மழை விட்டால் காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் குடமுருட்டிக் கரைக்கு வந்து இழுத்துக் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

ஒரத்தநாட்டான்:
மண்ணைப் பற்றிப் பேச வேண்டாம். எங்களுக்குக் கால்வாய் வந்ததே 1934-இல்தான், கல்லணை காலத்துப் பெருமை எல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சேற்று உழவுக்குப் போடும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலைக் கழற்றாமல் தார் ரோட்டில் டிராக்டர் ஓட்டுவதை உங்கள் ஊர்க்காரர்களை நிறுத்தச் சொல்லுங்கள். ரோடு முழுக்க வரி வரியாகக் கொத்தி வைத்திருக்கிறார்கள். என் 4 வீலால் ரோட்டுக்கு ஒரு கீறல் உண்டா?

வெண்ணாற்றங்கரை:
கேஜ் வீலோடு ரோட்டில் வருவது வெளியூர் உழவு வண்டிகள். எங்கள் ஊர் வண்டி இல்லை.

கணக்கு வாத்தியார்:
வலங்கைமான் ரோட்டில் நான் பார்த்தது உள்ளூர் வண்டிதான். அது போகட்டும். தம்பி, எந்த மூட்டை என்று இன்னும் சொல்லவில்லை.

நீடா தம்பி:
வருடத்துக்கு வருடம் மாறும் சார். அப்போ வி-கிராஸ் எடுத்துவிடட்டுமா?

ஒரத்தநாட்டான்:
எடு தம்பி. 4 வீலைப் போடு, எடுக்காதே. லிவர் வண்டியில்தான் 'டக்' கேட்கும். வி-கிராஸில் லிவரே கிடையாது, குமிழைத் திருப்பினால் போதும்.

குடவாசல் பட்டறை:
குமிழாக இருந்தால் என்ன, கீழே இருப்பது அதே டிரான்ஸ்ஃபர் கேஸ்தானே? முறுக்கு ஏறினால் குமிழைத் திருப்பி 4 வீலை எடுத்தாலும் டாஷ்போர்டில் 4 வீல் விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டே இருக்கும், அதற்கும் ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். காலையிலிருந்து கேட்கிறேன், ஒரு முன் டயர் படம் எடுத்துப் போட ஒரத்தநாட்டில் போன் வைத்திருப்பவர் ஒருவர்கூடவா இல்லை?

ஒரத்தநாட்டான்:
போன வாரம்தான் புது டயர் மாற்றினேன். அதற்கும் 4 வீலுக்கும் சம்பந்தமில்லை.