புறாமலை கடலுக்கு எந்த மாஸ்க், எந்த ஃபின்ஸ் வாங்குவது?
வணக்கம். ஆகஸ்டில் மகளோடு நிலாவெளி போய், அருகிலுள்ள புறாமலைத் தீவில் முதன்முறையாக ஸ்நோர்க்கெலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்யப்போகிறோம். இருவருக்கும் நீச்சல் தெரியும்.

மாஸ்க்தான் குழப்பம். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால், கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நிற்க வேண்டுமாம். அப்படிப் பார்த்து, சிலிக்கன் விளிம்பும் டெம்பர்டு கண்ணாடியும் உள்ளதாக வாங்க எண்ணம். ஆனால் மகளுக்குக் கிட்டப்பார்வை, மைனஸ் 3. பவர் கண்ணாடி போட்ட மாஸ்க் கொழும்பில் எங்கே கிடைக்கும்? முழு முகத்தையும் மூடுவது வேண்டாம். கொஞ்சம் முங்கினால்கூட மூக்கைப் பிடித்துக் காதடைப்பை எடுக்க முடியாது.

ஃபின்ஸை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வெறுங்காலில் போடுவதா, பூட்டி எனும் ரப்பர் காலணியோடு போடுவதா? கரையெல்லாம் உடைந்த பவளத் துண்டுகள்.

லைஃப் ஜாக்கெட் சிறுவர் அளவில் அங்கே வாடகைக்குக் கிடைக்குமா? களைத்துப்போய் அவள் உயிருள்ள பவளத்தின்மேல் காலூன்றிவிடக் கூடாது. போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.