புதுப்பிப்பு: அந்த இஸ்பேட் ஏஸ் கதை

போன வாரம் கேட்டிருந்தேன்: பாட்-லிமிட் ஓமாஹா போட்டி (போக்கர் வகை: கையில் நாலு சீட்டு, அதில் இரண்டோடு மேசையின் மூன்றைச் சேர்க்கணும்; பந்தயம் பாட் அளவுக்குத்தான்), பரிசு எல்லைக்கு இன்னும் 2 பேர் வெளியேறணும். மேசையில் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 9, டைமன் 4, ஆட்டின் 7. ரிவரில், அதாவது கடைசிச் சீட்டாக, இஸ்பேட் 2. என் கையில் இரண்டு 9, ஒரு டைமன் ஜாக்கி, துணையில்லாத இஸ்பேட் ஏஸ். பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயம், 18,000; என்னிடம் 21,000. எதிராளி செக், பந்தயம் வைக்கவில்லை. நான் அடிக்கலாமா, செக் செய்யலாமா என்பதுதான் கேள்வி. "ஏஸ் உன்கிட்ட, பாட் அளவு முழுசா அடி லா!" என்றீர்கள் பலர்: இஸ்பேட் ஏஸ் என்னிடம் இருப்பதால் ஆகப்பெரிய ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அவரிடம் இருக்க முடியாது, பயந்துவிடுவார் என்று.

நான் செக்தான் செய்தேன். அவர் இஸ்பேட் 8-6 காட்டி ஃப்ளஷில் அள்ளிக்கொண்டார்.

நேற்று பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில், தே தாரிக் ஆறிப்போகும்வரை, கூட விளையாடும் அண்ணனோடு டிஷ்யூவில் கணக்குப் போட்டோம். 18,000 வைத்து 18,000 எடுக்க, பாதித் தடவை அவர் மடக்கணும், அதாவது சீட்டைப் போட்டு ஒதுங்கணும். ஆனால் அது வெறுங்கையோடு மிரட்டும் பிளஃபுக்கான கணக்கு. என்னிடம் மூன்று 9! ஸ்ட்ரெய்ட்டே (வரிசையாக ஐந்து சீட்டு) அமையாத மேசை. என்னைவிடப் பெரியது ஃப்ளஷும் மூன்று ராஜாவும்தான். அவர் கையில் வெறும் ஜோடி இருந்து மடக்கினால் எனக்கென்ன லாபம்? அது ஏற்கெனவே என் பாட். அவரிடமோ 60,000, என் பந்தயத்துக்கு ஈடு வைத்துப் பார்த்துவிட்டுத் தோற்றாலும் வலிக்காது. நான் அடித்துத் தோற்றால் எனக்கு மிஞ்சுவது 3,000.

8-6ஐ மடக்கியிருப்பாரா? "மடக்குவான்டா" என்கிறார் அண்ணன். எனக்கு நம்பிக்கையில்லை. அந்த 21,000த்தில் ஒட்டிக்கொண்டு கடைசிப் பரிசு வாங்கினேன். தே தாரிக் காசு நான்தான் கொடுத்தேன்.