நீரிழிவுப் பரவலை மதிப்பிட எந்தத் தரவை எடுத்துக்கொள்வது? தமிழ்நாட்டுக்கே நான்கு எண்கள் கிடைக்கின்றன

கேள்வி: முதுநிலை மாணவி, சமூக மருத்துவம்

அனைவருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்தின் ஊரக வட்டாரம் ஒன்றில், 18 வயது நிறைந்தவர்களில் எத்தனை பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்பதை, வீடு வீடாகச் சென்று வெறும் வயிற்றில் விரல் நுனி இரத்தம் எடுத்து, குளுக்கோமீட்டரில் பரிசோதித்துக் கண்டறிவது என் ஆய்வேட்டின் நோக்கம். மாதிரி அளவைக் கணக்கிடும் 4பிக்யூ/டி² சூத்திரத்தில் (பி என்பது பரவல் விகிதம், க்யூ என்பது 100 கழித்தல் பி, டி என்பது ஏற்கத்தக்க பிழை அளவு) இடுவதற்கு, ஏற்கெனவே வெளியான ஒரு பரவல் விகிதம் எனக்குத் தேவைப்படுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வான ஐசிஎம்ஆர்-இன்டியாப்பின் முதல் கட்டம் தமிழ்நாட்டுக்கு 10.4 விழுக்காடு என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தொற்றா நோய் ஆய்வு முறையான ஸ்டெப்ஸைப் பின்பற்றிய 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆய்வு 17.6 என்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் பெண்களுக்கு 20.7 என்றும் ஆண்களுக்கு 22.1 என்றும் இருக்கிறது. எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பதிவேட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையை வட்டார மக்கள்தொகையால் வகுத்தாலோ, இவை எதற்கும் அருகில் வராத மிகச் சிறிய எண் ஒன்று கிடைக்கிறது. இவற்றில் எதை எடுத்துக்கொள்வது? தென்காசிக்கெனத் தனியான மாவட்டத் தகவல் அட்டையும் எனக்குக் கிடைக்கவில்லை. அது எங்கே இருக்கும்? நெறிமுறைக் குழுவில் "ஏன் இந்த எண்?" என்று கேட்டால் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்று என் வழிகாட்டிப் பேராசிரியர் கூறியிருக்கிறார்.

பதில் 1: உயிரியல் புள்ளியியல் ஆசிரியர்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், அம்மா. நீங்கள் தந்திருக்கும் எண்கள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. யாரை, எந்த வயதில், எந்தச் சோதனையால், எந்த எல்லைக்கு மேல் கணக்கில் எடுத்தார்கள் என்ற நான்கையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு பார்த்தால் குழப்பத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

குடும்ப நல ஆய்வின் எண்ணைத்தான் பலரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த ஆய்வில் 15 வயது நிறைந்தவர்களுக்கு, சாப்பிட்டார்களா இல்லையா என்று பாராமல், எந்நேரமும் எடுக்கக்கூடிய சர்க்கரை அளவே எடுக்கப்படுகிறது. டெசிலிட்டருக்கு 141 முதல் 160 மில்லிகிராம் வரை இருந்தால் "உயர்ந்தது" என்றும், 160-க்கு மேல் இருந்தால் "மிக உயர்ந்தது" என்றும் பதிவு செய்கிறார்கள். இந்த இரு பிரிவினரோடு சர்க்கரைக்கு மருந்து உட்கொள்வோரையும் சேர்த்த கூட்டுத்தொகையே நீங்கள் கண்ட 20.7-உம் 22.1-உம். இந்திய அளவில் அதே கூட்டுத்தொகை பெண்களுக்கு 13.5, ஆண்களுக்கு 15.6. வயிறு நிறைய உண்டு ஒரு மணி நேரம் கழிந்த நிலையில் 145 காட்டும் ஒருவரை எந்த மருத்துவரும் நீரிழிவு நோயாளி என்று சொல்ல மாட்டார். எந்நேரச் சோதனையில் 200 மில்லிகிராமும், அதோடு நோய்க்குறிகளும் இருந்தால்தான் அந்தப் பேச்சு எழும். எனவே அந்த எண்ணை "நீரிழிவுப் பரவல்" என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். "இரத்தச் சர்க்கரை உயர்ந்திருந்தோர் அல்லது மருந்து உட்கொள்வோர்" என்று அது உள்ளபடியே எழுதுங்கள்.

இருப்பினும் அந்தத் தரவு பயனற்றது அன்று. கடைசியாக எப்போது உண்டீர்கள், பருகினீர்கள் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது. தனிநபர் அளவிலான தரவுக் கோப்பைப் பெற்று, எட்டு மணி நேரம் உண்ணாதிருந்தவர்களுக்கு 126, மற்றவர்களுக்கு 200 என்ற எல்லைகளை வைத்து, மருந்து உட்கொள்வோரையும் சேர்த்து மறுபடி கணக்கிட்டால் நோய்க்கு நெருக்கமான ஓர் எண் கிடைக்கும். பல ஆய்வுக் கட்டுரைகள் இவ்வாறுதான் செய்திருக்கின்றன.

பதில் 2: ஓய்வுபெற்ற நீரிழிவு மருத்துவர்

மேலே சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் சோதனை முறையைப் பொறுத்தவரை இன்டியாப் ஆய்வுக்கு இணையானது நம் நாட்டில் வேறில்லை என்பதையும் மாணவி அறிந்திருக்க வேண்டும். வெறும் வயிற்று அளவோடு நிறுத்திக்கொள்ளாமல், குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்தார்கள். விரல் நுனி இரத்தம் என்பதால், சிரை (கை நரம்பில் எடுக்கும்) இரத்தத்துக்குரிய 200 என்ற எல்லைக்குப் பதிலாக 220 என்ற எல்லையை வைத்துக்கொண்டார்கள். நம் மக்களில் வெறும் வயிற்றில் இயல்பாகவும், குளுக்கோஸுக்குப் பின் மட்டும் உயர்ந்தும் காணப்படுவோர் கணிசமானவர்கள். வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் செய்தால் அவர்கள் அத்தனை பேரும் தப்பிவிடுவார்கள். வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் இது தெரியும்.

இன்டியாப்பில் கவனிக்க வேண்டியது காலம். 1,13,043 பேரைச் சோதித்து 2023-இல் வெளியான தேசிய முடிவு 11.4 விழுக்காடு என்றாலும், களப்பணி 2008 முதல் 2020 வரை மாநிலம் மாநிலமாக நடந்தது. தமிழ்நாடு முதல் கட்டத்திலேயே, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகியவற்றோடு, 2008-10 காலத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் 10.4 அந்தக் காலத்து எண்; அதில் நகர்ப்புறம் 13.7, ஊரகம் 7.8. உங்கள் வட்டாரம் ஊரகம் என்பதால் அந்த 7.8-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஒன்றரைப் பதிற்றாண்டில் ஊரகத்தின் உணவும் உழைப்பும் எவ்வளவோ மாறிவிட்டன. அந்த எண்ணை இன்றைய நிலவரமாகக் கொள்ள வேண்டாம்.

பதில் 3: மாவட்டத் தொற்றா நோய்த் திட்டப் பணியாளர்

பதிவேட்டைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் பதிவேட்டில் இருப்பவர்கள், ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டு, அரசு நிலையத்தில் மருந்து வாங்குபவர்கள் மட்டுமே. தனியார் மருத்துவரிடம் செல்பவர், மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்பவர், தனக்கு நோய் இருப்பதே அறியாதவர் ஆகிய மூவகையினரும் அதில் வர மாட்டார்கள். மறுபுறம், ஒரே நபர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அரசு மருத்துவமனையிலும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வீட்டுப் பட்டியலிலுமாக மூன்று இடங்களில் பதிவாகியிருக்கவும் கூடும். ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரே அடையாள எண்ணும், எல்லா மருத்துவப் பதிவுகளும் அதனோடு இணைந்த ஏற்பாடும் உள்ள டென்மார்க் போன்ற நாடுகளில்தான் பதிவேட்டை மட்டும் வைத்து பரவலைச் சொல்ல இயலும்.

அதோடு, பகுதியை (வகுக்கும் எண்ணை) மொத்த மக்கள்தொகையாக எடுத்தது சரியாக வராது. தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தின் பரிசோதனை 30 வயது நிறைந்தோருக்கானது. குழந்தைகளையும் சேர்த்து வகுத்தால் விகிதம் சுருங்கத்தான் செய்யும். மருந்து விநியோகக் கணக்கைப் பார்த்து மதிப்பிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மெட்ஃபார்மின் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் தரப்படுகிறது என்பதால் அதிலும் எச்சரிக்கை தேவை. ஆனாலும் ஒரு வேலைக்குப் பதிவேடே சிறந்தது: அடுத்த காலாண்டுக்கு எத்தனை மாத்திரை வேண்டும் என்று கணிக்க எந்த ஆய்வும் அதற்கு ஈடாகாது.

மாணவியின் தொடர் கேள்வி

மூவருக்கும் நன்றி. இன்னொரு ஐயம் எழுகிறது. முன்னுரையில் இந்தியாவில் மொத்தம் எத்தனை பேர் என்று ஒரு வரி எழுத வேண்டும். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021 அட்லஸ் 7.4 கோடி என்கிறது. இன்டியாப் 10.1 கோடி என்கிறது. 2024 இறுதியில் லான்செட் மருத்துவ இதழில் வந்த, தொற்றா நோய்கள் குறித்த என்சிடி-ரிஸ்க் பன்னாட்டுக் கூட்டாய்வு 21.2 கோடி என்கிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு வேறுபாட்டை எப்படி விளக்குவது?

பதில் 4: உயிரியல் புள்ளியியல் ஆசிரியர்

அட்லஸ் தானாகக் களத்தில் இறங்கி எவரையும் சோதிப்பதில்லை. ஏற்கெனவே வெளியான ஆய்வுகளைத் தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, 20 முதல் 79 வயது வரையானவர்களுக்குக் கணித மாதிரி வழியே மதிப்பீடு செய்கிறது. எனவே அதன் எண் புதிய பதிப்பில் உயர்ந்தால், நோய் உயர்ந்தது என்றும் பொருள் இருக்கலாம், புதிய ஆய்வு ஒன்று உள்ளே வந்தது என்றும் பொருள் இருக்கலாம். 2021-க்கும் 2025-க்கும் இடையே இந்திய எண் ஏறத்தாழ 9 கோடியாக ஏறியதைப் படிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

21.2 கோடிக்குக் காரணம் வேறு. அந்தக் கூட்டாய்வு, வெறும் வயிற்று அளவு 126 அல்லது எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தச் சோதனை) 6.5 விழுக்காடு, இரண்டில் எது எல்லையைத் தாண்டினாலும், மருந்து உட்கொண்டாலும், நீரிழிவு என்றே கணக்கிட்டது. இரண்டு சோதனைகளும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. எனவே எதிலேனும் சிக்கியவர்களையெல்லாம் கூட்டினால் எண் பெருகும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் குடும்ப நல ஆய்வே சொல்கிறது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகை, சர்க்கரை மாறாத நிலையிலும் எச்பிஏ1சி-யை உயர்த்திக் காட்டக்கூடும். அதற்காக அந்த எண்ணைப் பொய் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. எச்பிஏ1சி பிடிக்கும் சிலரைக் குளுக்கோஸ் சோதனை தவறவிடுகிறது என்பதும் உண்மைதான். முன்னுரையில் இன்டியாப்பின் 10.1 கோடியை எழுதி, வரையறையை மாற்றினால் எண் எவ்வளவு மாறும் என்பதற்கு 21.2 கோடியை அடுத்த வாக்கியத்தில் காட்டுவதே நேர்மையானது என்பது என் கருத்து. செய்தித்தாள்கள் விரும்பும் "நீரிழிவின் தலைநகரம்" என்ற தொடரை மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

பதில் 5: மக்கள்தொகையியல் ஆய்வாளர்

தென்காசி அட்டை கிடைக்காததற்குக் காரணம் எளியது: அப்படி ஒன்று இல்லை. குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2017 மார்ச் இறுதியில் இருந்த மாவட்ட எல்லைகளின்படி, தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களுக்கே எடுக்கப்பட்டது. தென்காசி 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது திருநெல்வேலி அட்டை. அது இரு மாவட்டங்களுக்கும் பொதுவானது என்று அடிக்குறிப்பு இடுங்கள். கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆகியவற்றில் பணிபுரிவோருக்கும் இதே நிலைதான். தரவுக் கோப்பில் உள்ள இடக்குறிகளை (ஆய்வு நடந்த இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை) வைத்துத் தென்காசிப் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கலாமே என்று தோன்றலாம். தனியுரிமைக்காக நகர்ப்புறக் குறிகளை 2 கிலோமீட்டர் வரையும், ஊரகக் குறிகளை 5 கிலோமீட்டர் வரையும், அவற்றில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்தி வைத்திருப்பதால், எல்லையோர ஊர்கள் எந்தப் பக்கம் என்பது உறுதியாகாது. வட்டார மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பின் ஊர்வாரிப் பட்டியலைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பதில் 6: உயிரியல் புள்ளியியல் ஆசிரியர்

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் சோதனை வெறும் வயிற்றில் விரல் நுனி இரத்தம். உங்கள் ஆய்வில் சேர்வோர் 18 வயது நிறைந்தவர்கள். ஸ்டெப்ஸ் முறையும் 18 முதல் 69 வயது வரையானவர்களிடம் வெறும் வயிற்று அளவையே எடுக்கிறது, காலத்தாலும் அண்மையது. ஆகவே 17.6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 70-ஐக் கடந்தவர்கள் அந்த எண்ணில் இல்லை என்பதையும் குறிப்பிடுங்கள்.

பரவல் விகிதத்தில் 20 விழுக்காட்டை ஏற்கத்தக்க பிழை அளவாக (சூத்திரத்தின் டி) வைத்தால், 17.6-க்கு மாதிரி அளவு 469 வருகிறது. 20.7 என்று வைத்தால் 384, 10.4 என்றால் 862, ஊரகத்தின் பழைய 7.8 என்றால் 1,183. எண் சிறியதாக ஆக, மாதிரி பெரிதாகிறது என்பதைக் கவனியுங்கள். பெரிய விகிதத்தைத் தேர்ந்தெடுத்து மாதிரியைச் சுருக்கிக்கொண்டார் என்ற ஐயம் குழுவில் எழாதிருக்க, ஆள்பலம் இருந்தால் 862-ஐ நோக்கிச் செல்லுங்கள். ஊர்களைக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், வந்த எண்ணை வடிவமைப்பு விளைவால் (ஒரே ஊரார் ஒருவரையொருவர் ஒத்திருப்பதை ஈடுகட்டும் பெருக்கெண்) பெருக்க மறக்க வேண்டாம். அதை 2 என்று வைத்தால் 469 என்பது 938 ஆகிவிடும்.

குடும்ப நல ஆய்வுத் தரவை மறுகணக்கீடு செய்வதாக இருந்தால், கோப்பிலுள்ள எடை மாறியை (ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எவ்வளவு பேருக்குப் பிரதிநிதி என்பதைச் சரிக்கட்டும் எண்ணை)ப் பத்து லட்சத்தால் வகுத்தபின் பயன்படுத்துங்கள். கொத்து, அடுக்கு ஆகிய மாறிகளையும் மென்பொருளுக்குச் சொல்லிவிடுங்கள். அவற்றைச் சொல்லாமல் விட்டால் விகிதம் ஓரளவு சரியாகவே வரும், நம்பக இடைவெளி மட்டும் பொய்யாகக் குறுகிக் காட்டும்.