உதவி: ரியல் முடிஞ்சிட்டுது, டபிள்யூ.ஆர்.எஃப் ஜொப் தொடங்குதே இல்லை

மழைக்கணிப்பு:
வணக்கம். ஸ்லர்மில (கணினிக் கொத்தில ஜொப்புகளை வரிசைப்படுத்தி ஓட்டிற மென்பொருள்) நாலு ஜொப். டபிள்யூ.ஆர்.எஃப் எண்ட வானிலை மொடலிட படிகள்: அன்கிரிப் (தரவை விரிக்கிறது), மெற்கிரிட் (அதை மொடலிட கட்டத்துக்கு மாத்திறது), ரியல் (தொடக்க நிலை ஃபைல்களை எழுதிறது), டபிள்யூ.ஆர்.எஃப் (கணிப்பை ஓட்டிறது). ஒண்டுக்குப் பின்னால ஒண்டா ஆஃப்டர்ஓகே (முன் ஜொப் வெற்றியா முடிஞ்சாத்தான் தொடங்கு எண்ட நிபந்தனை) போட்டுக் கட்டியிருக்கிறன். முதல் மூண்டும் முடிஞ்சுது. கடைசி ஒண்டு விடியத்திலயிருந்து பெண்டிங்கிலயே (காத்திருப்பில) நிக்குது. நோட் (கொத்தில இருக்கிற கணினிகள்) எல்லாம் சும்மா கிடக்கு. ஸ்கிரிப்டில பிழையில்லை, போன கிழமை இதே ஸ்கிரிப்ட் ஓடினது. வடக்குக்கான மழைக் கணிப்பு பின்னேரம் குடுக்கோணும். ஆராவது கெதியாச் சொல்லுங்கோ.

சுன்னாகம்77:
பெண்டிங் எண்டு மட்டும் சொன்னா ஒருத்தராலயும் காரணம் பிடிக்கேலாது. எஸ்கியூ (வரிசையைக் காட்டிற கட்டளை) அடிச்சா கடைசி நிரலில அடைப்புக்குள்ள ஒரு காரணம் வரும். அது பிரயோரிற்றியா, ரிசோர்சஸா, டிபென்டென்சியா (முன் ஜொப்போட போட்ட கட்டா)? மூண்டுக்கும் வைத்தியம் வேற வேற. நாலையும் சப்மிற் பண்ணின ஸ்கிரிப்டையும் போடுங்கோ. ஸ்லர்ம் வேர்ஷனும் வேணும்.

தீவகன்:
நோட் சும்மா கிடக்கேக்க பெண்டிங் எண்டா முதல் பாக்கவேண்டியது பராமரிப்பு ரிசேர்வேஷன் (நோட்டுகளை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிறது). எஸ்கொன்ட்ரோல் ஷோ ரிசேர்வேஷன் அடியுங்கோ. நாளைக்குக் காலமை 8 மணிக்கு நோட்டுகளை எடுக்கப்போறம் எண்டு நிர்வாகி போட்டிருந்தா, 24 மணித்தியாலம் கேட்ட ஜொப்பை இண்டைக்கு ஸ்லர்ம் தொடங்காது. அது ரிசேர்வேஷன் நேரத்துக்குள்ள போய் விழும் எண்டு கணக்குப் பாத்து மறிச்சு வைக்கும். ரைம் லிமிற்றை 10 மணித்தியாலமாக் குறைச்சா உடன தொடங்கும். நீங்கள் எவ்வளவு கேட்டிருக்கிறியள்?

கோண்டாவிலான்:
எனக்கெண்டா ஜொப் எண்ணை எடுக்கிற இடத்திலதான் சந்தேகம். எஸ்பாச் (ஜொப்பை அனுப்பிற கட்டளை) திருப்பித் தாறது வெறும் எண் இல்லை, "சப்மிற்றட் பாச் ஜொப்" எண்ட முழு வசனமும்தான். அதை அப்பிடியே மாறிக்குள்ள போட்டு ஆஃப்டர்ஓகேக்குக் குடுத்தா வேலை செய்யாது. பார்சபிள் எண்ட தெரிவைப் போட்டா எண் மட்டும் வரும்.

சுன்னாகம்77:
கோண்டாவிலான், அப்பிடியெண்டா எஸ்பாச் அந்த இடத்திலயே எரர் சொல்லி ஜொப்பை ஏற்காம விட்டிருக்கும். இவற்ற ஜொப் வரிசைக்குள்ள வந்து நிக்குது. பார்சபிள் போடுறது நல்ல பழக்கம்தான், ஆனா இஞ்ச அது காரணமில்லை.

மழைக்கணிப்பு:
காரணம் எண்ட இடத்தில டிபென்டென்சி நெவர் சற்றிஸ்ஃபைட் (கட்டு ஒருக்காலும் நிறைவேறாது) எண்டு கிடக்கு. எஸ்அக்ட் (முடிஞ்ச ஜொப்புகளிட பதிவைக் காட்டிற கட்டளை) அடிச்சா ரியல் கொம்ப்ளீற்றட், எக்சிட் கோட் 0:0, அதாவது வெற்றி. பிறகேன் நெவர் எண்டு சொல்லுது? வேர்ஷன் 23.02. பார்சபிள் போட்டிருக்கிறன். ரிசேர்வேஷன் ஒண்டுமில்லை.

அளவெட்டி_ஷெல்:
0:0 எண்டதை நம்பவேண்டாம். ஆஃப்டர்ஓகே பாக்கிறது ஸ்கிரிப்ட் கடைசியாக் குடுத்த எக்சிட் கோட்டை மட்டும்தான். ஸ்கிரிப்டிட கடைசி வரியில "முடிஞ்சுது" எண்டு ஒரு எக்கோ (செய்தி அச்சிடுற கட்டளை) போட்டிருந்தா, நடுவில ரியல் விழுந்தாலும் அந்த எக்கோ வெற்றியா முடிஞ்சதால 0 வரும். எல்லா ஸ்கிரிப்டிட தொடக்கத்திலயும் செற் ஈ, யூ, பைப்ஃபெயில் (இடையில பிழை வந்தா ஸ்கிரிப்டை நிப்பாட்டிற தெரிவுகள்) மூண்டையும் போடுங்கோ.

அன்கிரிப், மெற்கிரிட் ரெண்டிலயும் இதைவிடப் பெரிய வில்லங்கம் இருக்கு. ரெண்டும் ஃபோர்ட்ரான் மொழியில எழுதினது. ஃபோர்ட்ரானில வெறும் ஸ்டொப் எண்டு நிப்பாட்டினா எக்சிட் கோட் 0 தான். தரவு பாதியில முறிஞ்சு அன்கிரிப் நிண்டாலும் ஸ்லர்மிட கண்ணுக்கு அது கொம்ப்ளீற்றட். அதால எக்சிட் கோட்டோட விடாம லொக்கையும் (ஓட்டப் பதிவு ஃபைலையும்) பாக்கவேணும். அன்கிரிப் லொக்கில "சக்சஸ்ஃபுல் கொம்ப்ளீஷன்" எண்ட வரி இருக்கோ எண்டு கிரெப் (வரி தேடுற கட்டளை) பண்ணி, இல்லையெண்டா எக்சிட் 1 குடுங்கோ. மெற்கிரிட்டுக்கும் அதே மாதிரி வரி வரும். ரியலுக்கு ஆர்.எஸ்.எல் எரர் 0000 எண்ட பதிவு ஃபைலில "சக்சஸ் கொம்ப்ளீற் ரியல் ஈ.எம் இனிற்", டபிள்யூ.ஆர்.எஃப் எண்டா "சக்சஸ் கொம்ப்ளீற் டபிள்யூ.ஆர்.எஃப்". இந்த நாலு கிரெப்பும் இல்லாம ஆஃப்டர்ஓகே போடுறதில பிரயோசனமில்லை.

மூத்தகணு:
இந்தக் கேள்விக்கு எஸ்பாச் மனுவலில டிபென்டென்சி எண்ட பகுதியிலயே விடை கிடக்கு. அஞ்சு நிமிசம் வாசிச்சிருந்தா இந்த இழையே தேவைப்பட்டிராது. இப்பத்த பெடியள் நாலு எஸ்பாச்சை ஷெல்லில கோர்த்துவிட்டு வேர்க்ஃப்ளோ எண்டு சொல்லுகினம். ஒரு ஜொப் விழுந்த பிறகு எங்கயிருந்து திரும்பத் தொடங்கோணும் எண்டு அந்த ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. ஸ்னேக்மேக் (படிகளை ஒழுங்குபடுத்தி ஓட்டிற வேர்க்ஃப்ளோ மென்பொருள்) பாவியுங்கோ.

சுன்னாகம்77:
அண்ணை, மனுவலில எந்த வரி எண்டும் சேர்த்துச் சொல்லியிருந்தா அந்தத் தம்பிக்கு இப்ப உதவியா இருந்திருக்கும்.

மழைக்கணிப்பு, அளவெட்டி சொல்லுறது சரியான விசயம், ஆனா உங்கட சிக்கல் அது இல்லை. எக்சிட் கோட் பொய்யா 0 எண்டு வந்திருந்தா டபிள்யூ.ஆர்.எஃப் தொடங்கி அல்லோ இருக்கும்? இஞ்ச தொடங்கவே இல்லை. அப்ப ரியல் ஒருக்காலாவது தோத்ததாத்தான் ஸ்லர்ம் பதிஞ்சு வைச்சிருக்கு. எஸ்அக்ட்டுக்கு டூப்ளிகேற்ஸ் தெரிவு, பெரிய டீ, போட்டு ரியலிட எண்ணைக் குடுத்துப் பாருங்கோ. அது இல்லாமப் பாத்தா கடைசி ஓட்டம் மட்டும்தான் தெரியும். ரெண்டு வரி வந்தா ரெண்டையும் போடுங்கோ. இடையில ரியலை ரிக்யூ பண்ணினனீங்களோ (அதே ஜொப்பைத் திரும்ப வரிசையில போட்டனீங்களோ)?

மழைக்கணிப்பு:
ரெண்டு வரி வருது. முதலாவது ஃபெயில்ட் 1:0, ரெண்டாவது கொம்ப்ளீற்றட் 0:0. ஓம், ரிக்யூ பண்ணினனான். நேம்லிஸ்ற்றில (அமைப்பு ஃபைலில) மெற்கிரிட் லெவல்ஸ் (தரவிட உயர மட்டங்களிட எண்ணிக்கை) 32 எண்டு கிடந்தது, 34 ஆக்கிப்போட்டு எஸ்கொன்ட்ரோல் ரிக்யூ அடிச்சனான். ரியல் நல்லா ஓடி முடிஞ்சுது.

சுன்னாகம்77:
அதுதான் விசயம். ஸ்லர்மில டிபென்டென்சி ஒருக்காத் தோத்தா தோத்ததுதான். முன் ஜொப்பைப் பிறகு ரிக்யூ பண்ணி அது வெற்றியா முடிஞ்சாலும் பின்னால நிக்கிற ஜொப் ஓடாது. ரியல் முதல் தரம் 1 குடுத்து முடிஞ்ச உடனயே உங்கட டபிள்யூ.ஆர்.எஃப் ஜொப்பிட கதை முடிஞ்சுது. நிர்வாகி வேற மாதிரி அமைக்காட்டி அது வரிசையில பேருக்கு நிண்டுகொண்டே இருக்கும், தானா அழியாது.

இப்ப செய்யவேண்டியது இது. முதல் ரியலிட ஆர்.எஸ்.எல் எரர் 0000 ஃபைலிட கடைசி வரியைப் பாருங்கோ, சக்சஸ் வரி இருக்கவேணும். ரியல் எழுதின டபிள்யூ.ஆர்.எஃப் இன்புட் டி01, டபிள்யூ.ஆர்.எஃப் பிடிவை டி01 ரெண்டு ஃபைலிட நேரத்தையும் பாருங்கோ, ரிக்யூ பண்ணின நேரத்துக்குப் பிந்தினதா இருக்கவேணும். உள்வட்டம் (பெரிய பரப்புக்குள்ள நுணுக்கமாக் கணிக்கிற சின்னப் பரப்பு) இருந்தா டி02, டி03 இன்புட்டும் வந்திருக்கவேணும். எல்லாம் சரியெண்டா எஸ்கொன்ட்ரோல் அப்டேற் அடிச்சு, ஜொப்ஐடிக்கு டபிள்யூ.ஆர்.எஃப் ஜொப்பிட எண்ணைக் குடுத்து, டிபென்டென்சி சமன் எண்டு போட்டுப் பின்னால ஒண்டும் எழுதாம விடுங்கோ. கட்டு அவிழும், நோட் சும்மா கிடந்தா உடன தொடங்கும். இல்லையெண்டா எஸ்கான்சல் பண்ணிப்போட்டு அந்த ஒண்டை மட்டும் டிபென்டென்சி இல்லாமத் திரும்ப சப்மிற் பண்ணுங்கோ. ரெண்டும் ஒண்டுதான். முதலாவதில ஜொப் எண் மாறாது, அதுக்குப் பின்னால வேற ஜொப் கட்டியிருந்தா அதுகளும் தப்பும்.

அடுத்த முறைக்கு, சப்மிற் பண்ணேக்க கில் ஒன் இன்வலிட் டெப் எண்ட தெரிவுக்கு யெஸ் குடுங்கோ. முன் ஜொப் தோத்தா பின் ஜொப்பை ஸ்லர்மே கான்சல் பண்ணிவிடும். நாள் முழுக்க பெண்டிங்கைப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

தீவகன்:
32, 34 எப்பிடி மாறினது? இதே ஸ்கிரிப்ட்தான் போன கிழமை ஓடினது எண்டு சொன்னனீங்கள்.

மழைக்கணிப்பு:
போன கிழமை பழைய காப்பகத் தரவில ஒரு சோதனை. இண்டைக்கு ஜி.எஃப்.எஸ் (அமெரிக்காவிட உலக வானிலை மொடல்) புதுத் தரவு.

தீவகன்:
அப்ப இது திரும்பவும் வரும். ஜி.எஃப்.எஸ்ஸிட மட்டங்களிட எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறினது, பழைய காப்பகத்தோட புதுசு ஒத்துவராது. எண்ணைக் கையால எழுதாதேங்கோ. ரியல் ஸ்கிரிப்டுக்குள்ள, மெற்கிரிட் எழுதின மெற் ஈ.எம் ஃபைலில ஒண்டை என்.சி.டம்ப் (ஃபைலுக்குள்ள இருக்கிறதைக் காட்டிற கட்டளை) சின்ன எச் தெரிவோட திறந்தா நம் மெற்கிரிட் லெவல்ஸ் எண்ட பரிமாணம் தலைப்பிலயே கிடக்கும். அந்த எண்ணை எடுத்து செட் எண்ட எழுத்து மாத்திற கட்டளையால நேம்லிஸ்ற்றுக்குள்ள மாத்திப்போட்டுப் பிறகு ரியலை ஓட்டுங்கோ. மண் அடுக்கு எண்ணையும் அப்பிடியே எடுக்கலாம்.

க்ரோனில (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டிற வசதியில) எத்தினை மணிக்கு வைச்சிருக்கிறியள் எண்டும் பாருங்கோ. 00 யூ.ரி.சி (உலகப் பொது நேரம்) ஓட்டத்தின்ர ஃபைல்கள் எங்கட நேரம் காலமை 9 மணியளவிலதான் வரத்தொடங்கும். பிந்தின மணித்தியாலங்களுக்குரிய ஃபைல்கள் அதுக்குப் பிறகு ஒண்டொண்டா வரும். காலமை 6 மணிக்கு டவுன்லோட் தொடங்கினா ஒண்டும் கிடையாது. சேர்வரிட மணிக்கூடு யூ.ரி.சியில ஓடுதோ, எங்கட அஞ்சரை மணித்தியாலம் சேர்த்து ஓடுதோ எண்டு முதல் பாத்துப்போட்டு க்ரோன் வரியை எழுதுங்கோ.

மூத்தகணு:
இதெல்லாம் ஒட்டுப்போடுற வேலை. ஸ்னேக்மேக்கில ஒவ்வொரு றூலுக்கும் (படிக்கும்) இன்புட், அவுட்புட் எழுதினா எது தேவை, எது முடிஞ்சுது எண்டு அதுவே பாக்கும். ரியல் விழுந்தா அது பாதியில எழுதின அவுட்புட்டை அழிக்கும். நேம்லிஸ்ற்றைத் திருத்திப்போட்டு திரும்ப ஓட்டினா ரியலிலயிருந்து தொடங்கும், அன்கிரிப்பைத் தொடாது. ரிக்யூ, டிபென்டென்சி, ஒண்டுமே தேவையில்லை, ஏனெண்டா முன் றூல் முடியாம பின் ஜொப்பை அது சப்மிற் பண்ணுறதே இல்லை.

அளவெட்டி_ஷெல்:
அதே காரணத்தாலதான் நான் வேண்டாமெண்டு சொல்லுறன். சப்மிற் பண்ணுறதுக்கு ஸ்னேக்மேக்கிட தாய்ப் ப்ரொசெஸ் கடைசிவரை உயிரோட இருக்கவேணும். வீட்டில கரண்ட் போய் எஸ்.எஸ்.எச் (கொத்தோட இருக்கிற தொலை இணைப்பு) அறுந்தா அது செத்துப்போகும். ஓடிக்கொண்டிருக்கிற ஜொப் முடியும், அடுத்ததை அனுப்ப ஆள் இருக்காது. பிறகு வந்து பாத்தா டிரக்டரி லொக் ஆகி, அதாவது பூட்டுப்பட்டுக் கிடக்கும். நாலு எஸ்பாச்சை ஒரே மூச்சில அனுப்பிவிட்டா லப்டொப்பை மூடிப்போட்டுப் போகலாம், மிச்சத்தை ஸ்லர்ம் பாக்கும்.

மூத்தகணு:
ரிமக்ஸுக்குள்ள (இணைப்பு அறுந்தாலும் ஓட்டத்தை உயிரோட வைச்சிருக்கிற கருவி) ஓட்டத் தெரியாதவைக்கு அந்தப் பயம் இருக்கும்தான். லொக் ஆனா அன்லொக் தெரிவை ஒருக்காக் குடுத்து, பிறகு றீறன் இன்கொம்ப்ளீற்றோட (பாதியில நிண்டதைத் திரும்ப ஓட்டிற தெரிவு) தொடங்கினாச் சரி.

அளவெட்டி_ஷெல்:
ரிமக்ஸ் எனக்கும் தெரியும். லொகின் நோட்டை (நாங்கள் உள்நுழையிற கணினியை) நிர்வாகி றீஸ்ராட் பண்ணினா ரிமக்ஸும் போகும். இன்னொண்டு, ஸ்னேக்மேக் ஷெல் கட்டளைகளை பாஷ் ஸ்ட்ரிக்ட் மோடில (பிழை வந்தா உடன நிக்கிற முறையில) ஓட்டும். ஸீகற்றை (சுருக்கின ஃபைலை விரிச்சுக் காட்டிற கட்டளை) பைப் பண்ணி ஹெட்டுக்கு (முதல் சில வரிகளை மட்டும் எடுக்கிற கட்டளை) அனுப்பினா, ஹெட் தனக்குத் தேவையான வரிகளை எடுத்திட்டுக் குழாயை மூடும், ஸீகற் 141 குடுக்கும், முழு றூலும் விழும். கிரெப்புக்கு ஒரு வரியும் கிடைக்காட்டி 1 குடுக்கும், அதுக்கும் விழும். புதுசாத் தொடங்கிற ஆளுக்கு இதைக் கண்டுபிடிக்கவே ஒரு பகல் போகும்.

சுன்னாகம்77:
ரெண்டு பேரும் சரியானதைத்தான் சொல்லுறியள், ஆனா இந்த வேலைக்கு எது எண்டு பாருங்கோ. நேர்கோட்டில நாலு ஜொப், நாளுக்கு ஒருக்கா. எஸ்பாச் சங்கிலி காணும். நூறு தேதிக்குத் திரும்ப ஓட்டி, இடையில பதினைஞ்சு விழுந்து, அதுகளை மட்டும் திரும்ப ஓட்டவேண்டி வந்தா ஸ்னேக்மேக் வேணும்.

ஸ்னேக்மேக்குக்குப் போறதெண்டா மூண்டு விசயம். 8ஆம் வேர்ஷனிலயிருந்து பழைய க்ளஸ்ரர் தெரிவு இல்லை. ஸ்லர்ம் எக்சிகியூற்றர் ப்ளகினைத் தனியா இன்ஸ்ரோல் பண்ணி, எக்சிகியூற்றர் ஸ்லர்ம் எண்டு குடுக்கவேணும். இணையத்தில கிடக்கிற பழைய உதாரணங்களை அப்பிடியே ஒட்டினா எரர்தான் வரும். ரெண்டாவது, லேற்றன்சி வெயிற் (அவுட்புட் ஃபைல் கண்ணுக்குத் தெரியுமட்டும் காத்திருக்கிற நேரம்). ஒண்டும் சொல்லாட்டி அது 5 செக்கன்தான். என்.எஃப்.எஸ்ஸில (வலைப்பின்னலில பகிர்ந்த டிஸ்கில) கம்பியூட் நோட் எழுதின ஃபைல் லொகின் நோட்டுக்குத் தெரிய அதைவிடச் செல்லும், அப்ப வேலை முடிஞ்சும் மிஸ்ஸிங் அவுட்புட் எண்டு விழும். 60 போடுங்கோ. மூண்டாவது, அன்கிரிப்பும் மெற்கிரிட்டும் தாங்கள் நிக்கிற டிரக்டரியில இருக்கிற நேம்லிஸ்ற்றைத்தான் வாசிக்கும். ரெண்டு தேதியை ஒரே டிரக்டரியில ஒரே நேரத்தில ஓட்டினா ஒண்டின்ர நேம்லிஸ்ற்றை மற்றது அழிச்சுப்போடும். தேதிக்கு ஒரு டிரக்டரி கட்டாயம்.

ஓட்டமுதல் எப்பவும் சின்ன என் தெரிவோட ட்ரை றன் ஒண்டு. எந்தெந்த றூல் ஓடப்போகுது, ஏன் எண்டு காரணத்தோட சொல்லும். அன்கிரிப் தேவையில்லாமத் திரும்ப ஓட நிக்குதெண்டா அங்கயே தெரியும். 7.8 வேர்ஷனுக்குப் பிறகு ஃபைல் நேரம் மட்டுமில்லை, றூலிட கோட், பராமீற்றர் மாறினாலும் திரும்ப ஓட்டும். நேரத்தை மட்டும் பாக்கச் சொல்லவேணுமெண்டா றீறன் ட்ரிகர்ஸுக்கு எம்ரைம் (ஃபைல் கடைசியா மாறின நேரம்) குடுங்கோ.

மழைக்கணிப்பு:
டிபென்டென்சியை வெறுமையாக்கினன். உடன தொடங்கிற்று. இப்ப 11ஆவது முன்கணிப்பு மணித்தியாலத்தில ஓடுது. நன்றி எல்லாருக்கும்.

பருத்தித்துறை_கடல்:
இந்த இழையிலயே ஒரு கேள்வி. 20 உறுப்பினர் என்செம்பிள் (ஒரே கணிப்பைச் சின்ன வித்தியாசங்களோட 20 தரம்) ஓட்டுறன். ரியல் ஒரு அரே ஜொப் (எண் போட்ட பல ராஸ்க் சேர்ந்த ஒரு ஜொப்), டபிள்யூ.ஆர்.எஃப் இன்னொரு அரே. ஆஃப்டர்ஓகே போட்டா 20 ரியலும் முடியுமட்டும் ஒரு டபிள்யூ.ஆர்.எஃப்பும் தொடங்குதில்லை. ஒண்டு தோத்தா இருபதும் நிக்குது. 3ஆவது ரியல் முடிஞ்ச உடன 3ஆவது டபிள்யூ.ஆர்.எஃப் தொடங்க வழி இருக்கோ?

சுன்னாகம்77:
இருக்குது அக்கா. ஆஃப்டர்ஓகேக்குப் பதிலா ஆஃப்டர்கொர். அதே எண்ணுள்ள ராஸ்க் வெற்றியா முடிஞ்ச உடன இந்தப் பக்கம் அதே எண் தொடங்கும். ரெண்டு அரேயும் 1 இலயிருந்து 20 வரை எண்டு ஒரே எண்களோட இருக்கவேணும். வரிசையை முழுக்கப் பிடிக்காம இருக்க அரே வரியிட கடைசியில சதவீதக் குறி போட்டு 4 எண்டு குடுங்கோ, ஒரே நேரத்தில நாலு மட்டும் ஓடும். 7ஆவது ரியல் தோத்தா 7ஆவது டபிள்யூ.ஆர்.எஃப் மட்டும்தான் நிக்கும், மற்றப் பத்தொன்பதும் போகும். ஆனா அந்த 7ஆவதை ரிக்யூ பண்ணிச் சரிக்கட்டலாமெண்டு நினைக்காதேங்கோ, இஞ்சயும் அதே சட்டம்தான். ரியலையும் டபிள்யூ.ஆர்.எஃப்பையும் அரே 7 எண்டு மட்டும் குடுத்துப் புதுசா சப்மிற் பண்ணுங்கோ.