வீட்டுக் குழு: கதிரின் முதல் சாஃப்ட் பிளாஸ்டிக்

கதிர்: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை பெரியப்பாவுடன் கழிமுகத்துக்குத் தூண்டில் போடப் போகிறேன். ராட் கைக்கு வந்துவிட்டது. சாஃப்ட் பிளாஸ்டிக் லூர், அதாவது ரப்பர் போன்ற செயற்கை இரை, மட்டும் இன்னும் வாங்கவில்லை. இன்றிரவு ஆர்டர் போட்டால்தான் சனிக்கிழமைக்குள் வந்து சேரும். கூடையில் பதினான்கு பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது என்று சொல்லுங்கள்.

கதிர்: [படம்]

பெரியப்பா: உயிர் இறால் கிடைக்கிற இடத்தில் ரப்பர் எதற்கு?

வள்ளி: பெரியப்பா ஆரம்பித்துவிட்டார்.

அருண்: அந்தப் பச்சை மினுமினுப்பு அருமையாக இருக்கிறது. அதை எடு.

சித்தப்பா: கதிர், படத்தைப் பார்த்தேன். பதினான்கு பொட்டலங்கள் இருக்கின்றன; ஈயக் குண்டு பதித்த கொக்கியான ஜிக் ஹெட் ஒன்றுகூட இல்லை. முதலில் முடிவு செய்ய வேண்டியது ஜிக் ஹெட்டின் எடைதான். லூர் எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு நேரத்தில் அடியைத் தொடும், எந்த வேகத்தில் இறங்கும் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்த ஈயக் குண்டு. அதன் பின்னால் கோத்திருக்கும் ரப்பருக்கு அதில் பங்கு குறைவு. ஒரே வடிவத்தை மூன்று எடைகளில் வீசிப் பார்ப்பவன், பத்து வடிவங்களை ஒரே எடையில் வீசுபவனைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வான்.

கதிர்: எந்த எடை, சித்தப்பா?

சித்தப்பா: நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஆழம் இரண்டு, மூன்று மீட்டர்தான் இருக்கும். அதற்கு 5 கிராம், 7 கிராம், 10 கிராம் என மூன்றையும் வாங்கிக்கொள். அடியைத் தொட்டது உனக்குத் தெரிகிற அளவில் எது மிக லேசானதோ அதுதான் அன்றைய எடை. வீசியதும் தூண்டில் நரம்பைக் கவனி. லூர் இறங்கும்வரை அது விறைப்பாக இருக்கும்; அடியில் அமர்ந்த நொடியில் தளர்ந்து தண்ணீர்மேல் வளைந்து கிடக்கும். அந்தத் தளர்ச்சி உனக்குத் தெரியவே இல்லை என்றால் எடை போதவில்லை, ஒரு படி ஏற்று. ஒவ்வொரு முறையும் பொத்தென்று விழுந்து சகதியில் புதைந்து செத்தையை அள்ளிக்கொண்டு வந்தால் ஒரு படி இறக்கு. நீரோட்டமும் காற்றும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே காலைப் பொழுதிலேயே மூன்று எடைகளும் தேவைப்படலாம்.

அருண்: எல்லாவற்றுக்கும் 10 கிராமே போட்டுவிட்டால் என்ன? தூரமாகவும் போகுமே.

சித்தப்பா: தூரம் போகும், ஆனால் இறங்கும் நேரம் குறைந்துவிடும். மீன் பெரும்பாலும் லூர் இறங்கும்போதுதான் கவ்வும். அடிபட்ட சின்ன மீன் தடுமாறிச் சாய்வதுபோல அது மெல்ல இறங்க வேண்டும். லேசான எடை அந்த அவகாசத்தைத் தரும். கொடுவா மீனுக்கு இது மிகவும் முக்கியம்.

பெரியப்பா: இறாலும் அப்படித்தான் இறங்கும். ஈயமே வேண்டாம்.

அம்மா: தம்பி, அவன் கையில் கொக்கி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சித்தப்பா: சொல்கிறேன் அண்ணி. கதிர், கண்ணாடி போட்டுக்கொள். ஜிக் ஹெட் பாறையில் மாட்டினால் ராடை வளைத்து இழுக்காதே. விடுபட்டால் அந்த ஈயம் நேராக உன் முகத்துக்குத்தான் வரும். பிரெய்டை, அதாவது பின்னல் நரம்பை, கையில் சுற்றியும் இழுக்கக் கூடாது, விரலை அறுத்துவிடும். ஒரு கட்டையில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நட.

அம்மா: பெரியவரே, நீங்களும் பக்கத்திலேயே இருங்கள்.

பெரியப்பா: இருப்பேன்.

கதிர்: எடை புரிந்தது. வடிவத்தில்தான் குழப்பம். பேடில் டெயில், கர்ல் டெயில், ஜெர்க் ஷாட், இறால் என்று எல்லாமே இருக்கின்றன.

சித்தப்பா: தொடக்கத்தில் பேடில் டெயில்தான் உனக்குச் சரி. நீ ஒன்றும் செய்யாமல் ஒரே சீராகச் சுற்றினாலே அதன் வால் தானாக அடித்துக்கொண்டு வரும். கலங்கல் தண்ணீரிலும் அந்த அதிர்வு மீனுக்கு எட்டும். ஜெர்க் ஷாட்டுக்குச் சொந்த ஆட்டம் கிடையாது, ராடின் நுனியால் நீதான் உயிர் கொடுக்க வேண்டும். கை பழகிய பிறகு அது மிக நல்ல லூர், இப்போதைக்கு வேண்டாம். கர்ல் டெயில் மிக மெதுவாக வந்தாலும், சும்மா இறங்கினாலும் வாலை ஆட்டும். ஆனால் அந்த மெல்லிய வாலைப் பேத்தை மீன் ஒரே கடியில் அரைவட்டமாக நறுக்கிக்கொண்டு போய்விடும். பேத்தை திரிகிற இடத்தில் கர்ல் டெயில் பொட்டலம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அண்ணனுக்கே தெரியும்.

பெரியப்பா: பேத்தை நிறைய உண்டு. உண்மைதான்.

வள்ளி: பெரியப்பாவும் சித்தப்பாவும் ஒரே கருத்தைச் சொன்னதை இந்தக் குழுவில் இன்றுதான் பார்க்கிறேன்.

சித்தப்பா: பேடில் டெயிலிலும் எல்லாம் ஒன்றல்ல, கதிர். வாலின் தட்டையான தகட்டுக்குச் சற்று முன்னால் உடல் ஒடுங்குகிற இடத்தைப் படத்தைப் பெரிதாக்கிப் பார். அந்த இடம் மெலிந்திருந்தால் மெதுவாகச் சுற்றும்போதே வால் அடிக்கும்; தடித்திருந்தால் வேகமாக இழுத்தால்தான் அசையும். நீ அடியோரம் மெதுவாகத்தான் கொண்டுவரப் போகிறாய் என்பதால் மெலிந்ததையே எடு. நீளத்தில் 3 அங்குலம் ஒன்று, 4 அங்குலம் ஒன்று போதும். 3 அங்குலத்துக்கு 1/0 அல்லது 2/0 அளவுக் கொக்கியும், 4 அங்குலத்துக்கு 3/0 அளவுக் கொக்கியும் பொருந்தும்.

கதிர்: நான் பார்த்த ஜிக் ஹெட்டில் கொக்கிக் கம்பி மிக மெல்லியதாக இருக்கிறது.

சித்தப்பா: அது நன்னீர் மீனுக்குச் செய்தது, வாங்காதே. ஒரு நடுத்தரப் பாரை மீன் மாட்டினாலே கொக்கி நிமிர்ந்துவிடும். தடித்த கம்பியும் துரு தாங்கும் பூச்சும் உள்ளதாகப் பார்த்து எடு. பூச்சு இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். ஈரமான ஒரு ஜிக் ஹெட்டைப் பெட்டிக்குள் போட்டால் பக்கத்திலிருக்கும் அத்தனையும் துருப்பிடிக்கும்.

வள்ளி: அலசுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. நரம்பு சுற்றும் சித்தப்பாவின் 3000 அளவு ரீல் இப்போது யாரிடம் இருக்கிறது?

அருண்: என்னிடம்தான்.

சித்தப்பா: அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அருண்: உப்புத் தண்ணீர் பட்டது ஒரே ஒரு தடவைதான் சித்தப்பா. கைப்பிடி கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை அந்த ரீல்தான் கதிருக்கு வேண்டும்.

அருண்: கொடுத்துவிடுகிறேன்.

கதிர்: நிறத்துக்கு வருவோமா? அருண் சொன்ன பச்சையா, வெள்ளையா, இல்லை கறுப்பா?

சித்தப்பா: கடையில் நம் கண்ணைப் பிடிக்கிற நிறம் வேறு, தண்ணீருக்குள் மீனுக்குத் தெரிகிற நிறம் வேறு. ஆழம் கூடக்கூடச் சிவப்புதான் முதலில் மங்கும். கலங்கல் தண்ணீரில் எந்த நிறமும் சீக்கிரமே ஒரு நிழலாகிவிடும். எனவே இரண்டு நிறங்கள் போதும். தண்ணீர் தெளிவாக இருந்தால் அங்கே திரிகிற சின்ன மீனின் சாயலில், முதுகு சற்றுக் கருத்து வயிறு வெளுத்த ஒன்று. கலங்கியிருந்தாலோ, விடியாத இருட்டாக இருந்தாலோ, உருவம் பளிச்சென்று தெரியும்படி கருநிறமோ பளீர் வெள்ளையோ ஒன்று. மினுமினுப்பு இருந்தால் இருக்கட்டும். அதற்காகவே ஒரு பொட்டலத்தை வாங்காதே.

அருண்: பச்சைக்கு நான் இன்னும் ஆதரவுதான்.

பெரியப்பா: நேற்று வந்த ரப்பருக்கு இவ்வளவு சாத்திரமா?

சித்தப்பா: நேற்று வந்ததில்லை அண்ணா. அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலத்தில் நிக் கிரீம் என்பவர் 1949 இலேயே மென்பிளாஸ்டிக்கில் புழு வார்த்துவிட்டார். அதை விடுங்கள், நம் அப்பா வெள்ளைத் துணியைக் கீறி முள்ளில் கட்டிப் பாரை பிடித்தாரே, அதுவும் லூர்தானே? அவர் அதை ஆட்டிய விதத்தைத்தான் நான் இந்தப் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரியப்பா: அப்பா கை வேறு.

பெரியப்பா: சரி, நான் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கடல் ஏற்றம் வற்றத் தொடங்கியதும் ஓடைவாயில் சின்ன இறாலும் மீன்குஞ்சும் தண்ணீரோடு வெளியே இழுபட்டு வரும். கொடுவா வாயிலிலேயே காத்து நிற்கும். அந்த நேரத்தில் நீ இரையை நீரோட்டத்தோடு விட வேண்டும், எதிர்த்து இழுக்கக் கூடாது. ரப்பராக இருந்தாலும் அதேதான்.

சித்தப்பா: இதைவிட நல்ல யோசனையை நான் சொல்ல முடியாது. கதிர், அப்படியானால் இறால் வடிவத்தில் 3 அங்குலப் பொட்டலம் ஒன்றையும் கூடையில் வைத்துக்கொள். வற்றத்தில் 5 கிராமில் அதை மாட்டி, ஓட்டம் வரும் பக்கமாக வீசி, நரம்பு தொய்யாமல் மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டத்தோடு இறங்க விடு. ஏற்றத்தின்போது பேடில் டெயிலைப் போடு.

கதிர்: பெரியப்பா சொன்னதைக் குறித்துக்கொண்டேன். ஒருவகை ரப்பர் நீளமாக இழுபடும், கிழியாது என்று போட்டிருக்கிறதே, அது நல்லதா?

சித்தப்பா: நல்லதுதான், பேத்தை உள்ள இடத்தில் மிகவும் நல்லது. ஆனால் அதன் வேதியியல் வேறு. வழக்கமான லூர் பி.வி.சி.யில் செய்தது, இது டி.பி.ஈ. வகை, மிதக்கும் தன்மை கூடுதல். இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று உருக்கிப் பிசுபிசுத்துப் போகும். எதை வாங்கினாலும் அது வந்த பொட்டலத்திலேயே இருக்கட்டும். வழக்கமான வகையிலும் ஒரு நிறம் பக்கத்து நிறத்தில் ஊறிவிடும்.

அம்மா: பொட்டலம் வளைந்து வந்தால் வாலும் வளைந்திருக்குமா? திருப்பி அனுப்ப வேண்டுமா?

சித்தப்பா: வேண்டாம் அண்ணி. சூடான தண்ணீரில் சில நொடிகள் முக்கி எடுத்து, நேராகப் படுக்கவைத்து ஆறவிட்டால் நிமிர்ந்துவிடும். வளைந்த வாலோடு மட்டும் வீசக் கூடாது.

கதிர்: கோப்பது எப்படி?

சித்தப்பா: இதில் அவசரப்படாதே. ஜிக் ஹெட்டை ரப்பரின் பக்கத்தில் வைத்து, ஈயம் மூக்கில் முட்டுகிற மாதிரி பிடித்துக்கொள். கொக்கி வளையத் தொடங்குகிற இடத்தை முதுகில் நகத்தால் அடையாளம் செய். பிறகு மூக்கின் நட்ட நடுவில் முனையைக் குத்தி, உடலின் நடுவாகவே ரப்பரை ஏற்றிக்கொண்டு போய், முதுகில் அச்சுக்கோடு ஓடுகிறதே, அந்தக் கோட்டின்மேலேயே அடையாளத்தில் வெளியே எடு. ரப்பர் சுருங்கியும் இருக்கக் கூடாது, இழுபட்டும் இருக்கக் கூடாது. வீசுவதற்கு முன் காலடித் தண்ணீரில் ஒரு கோல் தூரம் இழுத்துப் பார். பம்பரம்போலச் சுழன்றால் கோணலாகக் கோத்திருக்கிறாய், கழற்றி மறுபடி கோத்துக்கொள். கோணலாக விட்டால் மீனும் வராது, நரம்பும் முறுக்கிக்கொள்ளும். பி.வி.சி. ரப்பர் கழன்று கழன்று வந்தால் ஈயத்தின் கழுத்தில் ஒரு சொட்டு உடனடிப் பசை வைத்து ஒட்டு.

வள்ளி: இதற்கு ஒரு வீடியோ எடுத்துப் போடலாமே, சித்தப்பா.

சித்தப்பா: நாளை வெளிச்சத்தில் எடுத்து அனுப்புகிறேன்.

பெரியப்பா: நரம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

சித்தப்பா: 10 பவுண்டு தாங்கும் பிரெய்டு போதும், அதன் முனையில் ஒரு பாகம், அதாவது இரு கை விரித்த நீளத்துக்கு, லீடர் என்கிற முனை நரம்பாக 15 அல்லது 20 பவுண்டு ஃப்ளூரோகார்பன். பிரெய்டு இழுபடாது என்பதால் லேசான கடியும் கைக்குத் தெரியும். லீடர் பாறை உரசலைத் தாங்கும்.

அருண்: ரீலில் ஏற்கெனவே 20 பவுண்டு பிரெய்டு சுற்றியிருக்கிறேன்.

சித்தப்பா: யாரைக் கேட்டுச் சுற்றினாய்?

பெரியப்பா: இருப்பதை வைத்து வீசட்டும். மாற்ற நேரமில்லை.

சித்தப்பா: தடித்த நரம்பைக் காற்றும் ஓட்டமும் பிடித்து இழுக்கும், அண்ணா. அப்படியானால் 5 கிராமில் அடி தெரிவது கடினம். 10 கிராமில் இரண்டு கூடுதலாக வாங்க வேண்டியிருக்கும்.

கதிர்: இப்போது கூடையைப் பாருங்கள். பேடில் டெயில் 3 அங்குலம், 4 அங்குலம், இறால் 3 அங்குலம், மூன்று எடைகளில் ஜிக் ஹெட். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டேன்.

கதிர்: [படம்]

சித்தப்பா: சரியாக இருக்கிறது. கிழிந்த ரப்பரைத் தண்ணீரில் வீசாமல் போட்டுக்கொள்ள ஒரு பை எடுத்துப் போ. மீன் அதை விழுங்கினால் வயிற்றிலேயே தங்கிவிடும்.

கதிர்: கண்டிப்பாக. 4 அங்குலத்தில் மட்டும் நிறம் முடிவாகவில்லை.

அருண்: பச்சை.

பெரியப்பா: நாளை காலை அந்தப் பக்கம் போவேன். தண்ணீர் கலங்கலா தெளிவா என்று பார்த்துச் சொல்கிறேன்.

கதிர்: ஆர்டர் இன்றிரவே போட வேண்டும், பெரியப்பா.

சித்தப்பா: அப்படியானால் வெள்ளையைப் போடு.

வள்ளி: ரீல் யார் வீட்டுக்கு, எப்போது வருகிறது என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

அருண்: சனிக்கிழமை மாலை கதிர் வீட்டுக்கு நானே கொண்டுவருகிறேன். எண்ணெய் விட வேண்டுமா, சித்தப்பா?

சித்தப்பா: நீ எதுவும் செய்யாதே. வெள்ளிக்கிழமையே என்னிடம் கொடு.

பெரியப்பா: இறாலும் நான் ஒரு வாளி எடுத்து வருவேன். இரண்டும் இருக்கட்டும்.