எரிக் கோட்ஸ்: எந்தப் பதிவிலிருந்து தொடங்கலாம்?

கேள்வி: பிபிசி வானொலியின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சிக்கு 1942 முதல் முகப்பிசையாக ஒலித்துவரும் ‘பை தி ஸ்லீப்பி லகூன்’ வழியாகவே ஆங்கிலேய மெல்லிசை இயற்றுநர் கோட்ஸை அறிந்தேன். அவருடைய பிற படைப்புகளுக்கு எந்தப் பதிவு சிறந்தது?

பதில் 1: பிபிசி பில்ஹார்மானிக் இசைக்குழுவை ஜான் வில்சன் நடத்தி, சாண்டோஸ் நிறுவனம் வெளியிட்ட இசைப்பதிவுகள். கோட்ஸின் ‘தி மெர்ரிமேக்கர்ஸ்’ அதில் எங்கும் தொய்வதில்லை.

பதில் 2: கோட்ஸ் தாமே நடத்திய பழைய பதிவுகளையும் கேளுங்கள், இரைச்சல் உண்டு, ஆனால் நளினத்தின் பெயரால் பிறர் தளர்த்திவிடும் வேகத்தை அவர் விடுவதே இல்லை. குயின்ஸ் ஹால் இசைக்குழுவில் முதன்மை வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த சுருதியுள்ள கருவி) கலைஞராக இருந்தவர் என்பதாலோ என்னவோ, மெட்டுக்கு அடியில் ஓடும், வயோலா போன்ற கருவிகளின் நடுக்குரல்களும் சும்மா இருப்பதில்லை.

கேட்டவர்: கோட்ஸின் ‘நைட்ஸ்பிரிட்ஜ்’ அணிநடை இசையை மறுபடி கேட்டேன். வயோலாக்களை இத்தனை நாள் கவனிக்கவே இல்லை.