மூட்டு வீக்கத்துக்கு நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொன்னது யார்?

உவர்மலை அம்மா:
என் மகளுக்கு 11 வயசு. போன மாரியில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தது, மல்லி அவித்துக் கொடுத்ததில் அதுவாகவே மாறியும் விட்டது. இரண்டு மூன்று கிழமை கழித்து வலது முழங்கால் வீங்கிச் சுட்டது, அது வற்ற கணுக்கால், கணுக்கால் வற்ற மற்ற முழங்கால். நெட்போல் விளையாடி எங்கேயோ அடிபட்டிருக்கும் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டொக்டர் முழங்காலை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) எடுத்தார்கள். ருமாட்டிக் காய்ச்சலாம், இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் மைட்ரல் வால்வில் கொஞ்சம் கசிவாம், இப்போது 3 கிழமைக்கு ஒரு பெனிசிலின் ஊசி.

காலுக்கு வந்த வருத்தத்துக்கு நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று கேட்டேன். பூயோ என்று ஒரு பிரெஞ்சு டொக்டரின் பெயரைச் சொன்னார். வெளியே நீள வரிசை, அதற்கு மேல் கேட்க முடியவில்லை. அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்று, பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறாள், நோவே இல்லை, ஊசி என்றால்தான் அழுகை. இது எவ்வளவு காலத்துக்கு?

பாலையூற்று சேர்:
தங்கச்சி, நல்ல கேள்வி. முழுப் பெயர் ழான் பாப்டிஸ்ட் பூயோ. 1796இல் அங்கூலேம் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவர், 1823இல் பாரிசில் டொக்டர் பட்டம், 1831இல் அங்கே ஷாரித்தே வைத்தியசாலையில் பேராசிரியர். அந்தக் காலத்தைக் கவனியுங்கள். லயனெக் என்ற பிரெஞ்சு டொக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்தது 1816இல்தான், அப்போது அது வெறும் மரக்குழாய். அது கைக்கு வந்தபோது பூயோ இளைஞர். மூட்டு வீங்கி வார்டில் கிடந்தவர்கள், நெஞ்சில் ஒரு குறையும் சொல்லாதவர்கள், அவர்களுடைய நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டார். துருத்தி ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஒருவரில் இருவரில் இல்லை, திரும்பத் திரும்பக் கேட்டது.

அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் பெரியது. பல மூட்டுகளைப் பிடித்துக் கடும் காய்ச்சலோடு வருகிற மூட்டு வாதத்தில் இதயமும் பாதிக்கப்படுவதுதான் விதி, பாதிக்கப்படாமல் இருப்பதுதான் விலக்கு என்று எழுதினார். காய்ச்சலில்லாத இலேசான வகையில் இது அப்படியே தலைகீழ். 1836இலும் 1840இலும் இதைப் புத்தகங்களாகவே போட்டார். இதயத்தின் உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு எண்டோகார்டியம், அதன் அழற்சிக்கு எண்டோகார்டைட்டிஸ் என்று பெயர் வைத்தவரும் இவர்தான். உங்கள் மகளை டொக்டர் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கேட்டாரே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது.

கிண்ணியா மெடிக்கல் ஸ்டூடன்ட்:
சேர் சொன்னது சரி, ஆனால் முதல் ஆள் பூயோ இல்லை. மூட்டு வாதமும் இதய நோயும் சேர்ந்து வருவதை லண்டனில் டொக்டர் டேவிட் பிட்கேர்ன் 1788 அளவிலேயே சொல்லியிருக்கிறார், 1812இல் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் அதை நோயாளிகளின் விபரத்தோடு எழுதினார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்டதைக் குழாயால் கேட்டு ஒரு விதியாக நிறுத்தியது பூயோ, அந்தப் பெருமை அவருக்கு உரியது.

அவருடைய மற்றப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. இவ்வளவு கூர்மையாகக் கேட்ட மனுசன், வைத்தியம் என்று வந்தால் இரத்தத்தை வெளியே எடுப்பார், அதுவும் அடுத்தடுத்து, ஒன்று முடிய மற்றது. அதே பாரிசில் பியேர் லூயி என்ற டொக்டர் நோயாளிகளை எண்ணிக் கணக்குப் பார்த்து, 1835இல், நிமோனியாவுக்கு இரத்தம் எடுப்பதால் பெரிய பலன் இல்லை என்று காட்டிய பிறகும் பூயோ விடவில்லை. எனக்கு இதுதான் மனதை உறுத்துகிறது. காதால் கேட்டதை நம்பியவர், எண்ணிக் காட்டியதை நம்பவில்லை. இன்னொரு விடயத்தில் அவரின் பிடிவாதம் பலித்தது: பேச்சு மூளையின் முன்பகுதியில் இருக்கிறது என்று 1825இலேயே சொல்லி, எல்லோரும் மறுத்தும் விடாமல் நின்றார், 1861இல் புரோக்கா என்ற இன்னொரு பிரெஞ்சு டொக்டர் அதற்கு ஆதாரம் கொண்டு வந்தார். 1881இல் இறக்கும்போது அவருக்கு 85 வயசு.

கிளினிக் மிஸ்ஸி:
அக்கா, சரித்திரம் அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் ஊசிக்கு வருகிறேன். பூயோ காலத்தில் தெரியாமல் இருந்தது காரணம். தொண்டையைப் பிடிக்கிற ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி மூட்டையும் இதய வால்வையும் தாக்குகிறது. மூட்டு வீக்கம் தடயமில்லாமல் போய்விடும், வால்வில் பட்ட காயம் போகாமலே நின்றுவிடலாம். ஒவ்வொரு தடவை தொண்டையில் அந்தக் கிருமி வரும்போதும் வால்வு இன்னும் கெடலாம். நோவு இல்லை என்று பிள்ளையும் நீங்களும் நிம்மதியாக இருக்கிற இந்த நேரத்தில்தான் அந்தக் கிருமி திரும்ப வராமல் ஊசி வேலை செய்கிறது. வால்வு தொட்டிருந்தால் குறைந்தது 10 வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள், சில பேருக்கு அதற்கு மேலும். எக்கோ பார்த்து டொக்டர்தான் முடிவு சொல்வார்.

அழுகைக்கு ஒன்று சொல்கிறேன். மருந்து கட்டியானது, குளிரோடு போட்டால் இன்னும் அதிகம் நோகும். கையில் வைத்துச் சூடாக்கி, போடப் போகும் இடத்தைப் பெருவிரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, மெல்ல மெல்ல ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பல்லுக் கழற்றப் போனாலும் வால்வில் கசிவு இருப்பதைப் பல் டொக்டரிடம் முதலே சொல்லுங்கள்.

உவர்மலை அம்மா:
எல்லோருக்கும் நன்றி, சேருக்கும் தம்பிக்கும் விசேசமாக. மிஸ்ஸி, அடுத்த ஊசி நாளில் பள்ளிக்கூடத்தில் அனுராதபுரம் கூட்டிப் போகிறார்கள். வந்த பிறகு போடலாமா?

கிளினிக் மிஸ்ஸி:
பிந்த விடாதீர்கள் அக்கா. போக முதல் நாள் கிளினிக் புத்தகத்தோடு வாருங்கள், ஒன்றிரண்டு நாள் முந்திப் போடுவதில் பிரச்சினை இல்லை.